செம்புக்கும் ஒரு கலை உண்டு!
டெல்லியில் நடந்த கண்காட்சி: புளியங்குடிக்கு என்ன லாபம்?

சிலை செய்தவருக்குப் பெயர் உண்டு. சித்திரம் தீட்டியவருக்கும் பெயர் உண்டு. நாம் தண்ணீர் மொள்ளும் செம்புக்கு உருவம் கொடுத்தவர் யார்? யாருக்கும் தெரியாது!

ஒரு பொருள் எப்படி இருந்தால் கைக்கும் கண்ணுக்கும் பொருந்தும் என்று யோசிப்பது ஒரு கலை. அதற்கு வடிவமைப்பு என்று பெயர். இந்தக் கலையில் தேர்ந்த ஓர் இந்தியரின் 50 ஆண்டுப் பணியைத் திரட்டி, 1998-ம் ஆண்டில் டெல்லி தேசிய நவீன கலைக்கூடத்தில் கண்காட்சி நடத்தினார்கள். அவர் பெயர் தசரத் படேல்.

சென்னை மாணவர்

படேல் 1927-ல் குஜராத்தில் பிறந்தார். படித்தது சென்னை ஓவியப் பள்ளியில்! அங்கே அவருடைய ஆசிரியர் ராய் சவுத்ரி. மெரினா கடற்கரையில் உழைப்பாளர் சிலை இருக்கிறதே, அதைச் செய்தவர் அவர்தான்.

செம்பைப் புகழ்ந்த தம்பதி

1958-ல் இந்திய சர்க்கார் அழைப்பின் பேரில் அமெரிக்காவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்பது அவர்கள் பெயர். இருவரும் நாற்காலி வடிவமைப்பில் உலகப் புகழ் பெற்றவர்கள். நாடெங்கும் சுற்றிய அவர்கள் மனத்தைக் கவர்ந்தது எது தெரியுமா? செம்பு!

எவ்வளவு நீர் பிடிக்க வேண்டும்? தலையில் சுமப்பதா, இடுப்பில் வைப்பதா? நிறைந்திருக்கும்போது சாயாமல் நிற்குமா? கழுவ எளிதா? என்ன விலை? இத்தனை கேள்விகளுக்கும் செம்பு பதில் சொல்கிறது. அதை ஒருவர் செய்துவிடவில்லை. பல தலைமுறை மக்கள் சேர்ந்து செய்தார்கள் என்று அவர்கள் அறிக்கை எழுதினார்கள்.

அதன் பயனாக 1961-ல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் பிறந்தது. அதை வளர்த்தவர்களில் படேல் முக்கியமானவர். பிறகு அவர் காசிக்கு அருகே சேவாபுரியில் கிராமக் கைவினைஞர்களோடு சேர்ந்து உழைத்தார்.

ஏன் இவ்வளவு தாமதம்?

ஓவியம், மண்பாண்டம், போட்டோ, பொருட்காட்சி அரங்கு என்று எல்லாவற்றிலும் படேல் கை வைத்தார். ஒரே துறையில் நின்றவரைப் புகழ்வது சுலபம். பல துறையில் உழைத்தவரை எந்த வரிசையில் சேர்ப்பது? டெல்லிக் கண்காட்சி நடந்தபோது அவருக்கு வயது 71. அவர் 2010-ல் காலமானார். மறு ஆண்டுதான் பத்மபூஷண் விருது வந்தது.

நம் ஊருக்கு வரட்டும்

இதில் புளியங்குடிக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது!

எலுமிச்சைக்குப் பேர் போன ஊர் புளியங்குடி. காய் நசுங்காமல், வெக்கையில் வாடாமல் வெளியூர் போய்ச் சேர வேண்டும். அதற்கு எப்படிப்பட்ட சாக்கு வேண்டும், எத்தனை காய் போடலாம் என்று யோசிப்பதும் வடிவமைப்புதான். பக்கத்துச் சங்கரன்கோவிலில் சேலைக்குக் கரை எத்தனை விரல் அகலம் என்று கணக்குப் போடுகிறாரே நெசவாளி, அதுவும் வடிவமைப்புதான். இவர்கள் யாரும் தங்களைக் கலைஞர் என்று சொல்லிக் கொள்வதில்லை.

இத்தகைய கண்காட்சிகள் பெரிய நகரங்களோடு நின்றுவிடக் கூடாது. திருநெல்வேலியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு மாதம் வைத்தால், தென்காசிச் சீமைப் பிள்ளைகளும் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கலாம். படேல் செய்ததோடு நம் ஊர்ச் செம்பையும், முறத்தையும், கூடையையும் அங்கே வைக்க வேண்டும்.

அதைப் பார்க்கிற நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு ஓர் உண்மை விளங்கும். அப்பா செய்வது வெறும் கூலி வேலை அல்ல. கல்லூரியில் கற்றுத் தருகிற கலை! அந்த எண்ணம் ஒரு பிள்ளை மனத்தில் விழுந்தாலும், கண்காட்சிக்குச் செலவழித்த பணம் வீண் போகாது.