நாலு மூலை ஜோசியம்

சேத்தியாத்தோப்பில் ஜோசியம் பார்க்க நினைக்கும் பெரியவர்கள் சிதம்பரம் போய், கொள்ளிடம் தாண்டி வைத்தீஸ்வரன்கோயிலில் நாடி பார்ப்பதுண்டு. பிள்ளைகளுக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மடித்து, விரல்களை உள்ளே விட்டு, "கலர் சொல்லு, நம்பர் சொல்லு" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

மறந்தவர்களுக்காகச் செய்முறை. தாளைச் சதுரமாக வெட்டுங்கள். நான்கு மூலைகளையும் நடுப்புள்ளிக்கு மடியுங்கள். திருப்பிப் போட்டு, மறுபடியும் நான்கு மூலைகளை நடுவுக்கு மடியுங்கள். இப்போது தெரியும் எட்டு முக்கோணங்களில் 1 முதல் 8 வரை வரிசையாக எழுதுங்கள். அந்த மடிப்புகளைத் தூக்கி, ஒவ்வொரு எண்ணுக்கும் அடியில் ஒரு பலன். பின்பக்கமுள்ள நான்கு சதுரங்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். பாதியாக மடித்து, அடியிலுள்ள நான்கு பைகளில் இரு கைகளின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல்களை நுழைத்தால் பொம்மை வாயைத் திறக்கும்.

இதில் ஒரு ரகசியம் இருக்கிறது. எட்டு எண்கள் இருந்தாலும், ஒரு பக்கம் விரித்தால் நான்குதான் தெரியும். மறுபக்கம் விரித்தால் மற்ற நான்கு. எப்போதும் ஒரே பக்கத்தில் ஆரம்பித்து எழுத்தெண்ணிப் பாருங்கள். சி-வ-ப்-பு, ம-ஞ்-ச-ள் இரண்டும் நான்கு எழுத்து. ப-ச்-சை, நீ-ல-ம் இரண்டும் மூன்று. ஆக, சிவப்பும் மஞ்சளும் ஒரே நான்கு எண்களில்தான் கொண்டுவிடும். அதையே 'ரெட்' என்று இங்கிலீஷில் எண்ணினால் மூன்று எழுத்து, எண்கள் மாறிவிடும். எந்த மொழியில் எண்ணுகிறோம் என்பதற்கேற்ப விதி மாறுகிறது!

மடிப்பிலும் கணக்கு உண்டு. நான்கு மூலைகளை நடுவுக்கு மடித்தால் பரப்பளவு பாதியாகும். இரண்டாம் முறை மடித்தால் கால் பங்கு. 20 செ.மீ. சதுரம் 10 செ.மீ. சதுரமாகிவிடும். இப்படித் தாளை மடித்தே வடிவியல் படிக்கலாம் என்று 1893-லேயே சென்னையில் புத்தகம் போட்டவர் டி. சுந்தரராவ். மழலையர் பள்ளிகளுக்காக வந்த 200 வண்ணச் சதுரத் தாள்கள்தான் அவருக்குத் தூண்டுதல். ஜெர்மன் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அதைப் பற்றிப் பேச, 1901-ல் அந்தப் புத்தகம் அமெரிக்காவிலும் அச்சானது.

இனி, பெற்றோர் கவனிக்க வேண்டியது: உள்ளே என்ன எழுதியிருக்கிறது?

"கணக்குல ஃபெயில்", "உன்கூட யாரும் சேர மாட்டாங்க", "கறுப்பு மாப்பிள்ளைதான் கிடைக்கும்" என்றெல்லாம் பிள்ளைகள் எழுதுவார்கள். எழுதியவருக்கு அது சிரிப்பு. பரீட்சைக்கு முதல் நாள் அந்த மடிப்பைத் திறக்கும் குழந்தைக்கு அது சிரிப்பாக இருக்காது. நிறத்தைக் கேலி செய்யும் பலன், வீட்டில் நாம் பேசுவதைக் கேட்டுக் கற்றதுதான். அதனால் தாளைப் பிடுங்கிக் கிழிப்பதில் பயனில்லை. பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். வெளியே எடுத்துப் போகுமுன், எழுதியவரே எட்டுப் பலன்களையும் தன் பெயரைச் சேர்த்து வாய்விட்டு வாசிக்க வேண்டும். தனக்குப் பிடிக்காததை அடித்துவிட வேண்டும்.

பலனுக்குப் பதில் கேள்வியும் வேலையும் எழுதலாம்:

* ஆயாவிடம் ஒரு விடுகதை கேட்டு வா.
* வீராணம் தண்ணீர் குடிநீராக எந்த நகரத்துக்குப் போகிறது?
* வெள்ளாறு எந்த ஊரில் கடலில் சேர்கிறது?
* நம் சர்க்கரை ஆலையில் கரும்பைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையை வைத்து என்ன செய்யலாம்?

சென்னை, பரங்கிப்பேட்டை என்று நடு இரண்டு கேள்விக்கும் பதில் வந்துவிடும். கடைசிக் கேள்விக்குப் பதில், காகிதம். கரூர் மாவட்டத்திலுள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலையில் கரும்புச் சக்கையிலிருந்துதான் பெருமளவு காகிதம் தயாராகிறது.

முடிந்தால், அந்த எழுத்தெண்ணும் ரகசியத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுங்கள். பலனை எழுதியது தோழி, எண்ணைத் தேர்ந்தெடுத்தது தான், நடுவில் இருந்தது வெறும் ஒற்றைப்படை இரட்டைப்படை என்று பத்து வயதில் புரிந்துவிட்டால், பிறகு யார் எந்தப் பலன் சொன்னாலும் "இதை எழுதியது யார்?" என்று கேட்கத் தோன்றும்.