நாத்திகர் செத்தால் சொத்து யாருக்கு?

ஆயுசு முழுக்கக் கோயில் பக்கமே போகாத ஒருவர் உயில் எழுதாமல் செத்துப் போகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். இந்துக் குடும்பத்தில் பிறந்து வேறு மதத்துக்கு மாறாதவர் என்றால், 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் இந்துதான்! கடவுள் இல்லை என்று மேடை மேடையாகப் பேசியதெல்லாம் சட்டத்தின் கணக்கில் வராது. மனைவி, பிள்ளைகள், அம்மா என்று முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் பங்கு போகும். அவர்கள் இல்லையென்றால் அடுத்த வகுப்பு, அப்புறம் தூரத்துச் சொந்தம். நாற்பது வருஷம் சந்தா கட்டிய பகுத்தறிவாளர் சங்கத்துக்குச் சல்லிக்காசு கிடையாது.

இதில் சட்டத்தைத் திட்டிப் பயனில்லை. உயிலுக்கு ஒரு வெள்ளைத்தாள், ஒரு கையெழுத்து, இரண்டு சாட்சிகள் போதும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இவ்வளவு சுலபமான வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டு, "செத்த பிறகு ஒன்றுமில்லை" என்று தத்துவம் பேசினால் எப்படி? செத்தவருக்கு ஒன்றுமில்லை, சரி. சங்கத்துக்குக் கரண்ட் பில் வருமே...

இந்த வசதி சும்மா வந்ததும் இல்லை. இங்கிலாந்தில் ஒருவர், இயற்கையையும் பகுத்தறிவையும் மட்டும் கொண்டே ஒரு சமயத்தை நிறுவலாம் என்று நல்ல கட்டுரை எழுதுபவருக்குப் பரிசு கொடுக்கச் சொல்லி உயில் எழுதினார். கிறிஸ்தவத்துக்கு முரண் என்று 1850-இல் கோர்ட் அதைச் செல்லாது என்றது. (கவனிக்க, அந்தக் கட்டுரை கடவுளை மறுக்கக்கூட வேண்டியதில்லை!)

இதற்கு வழி கண்டுபிடித்தவர் ஜி. டபிள்யூ. ஃபூட். தன் பத்திரிகையில் மதத்தைக் கிண்டல் செய்ததற்காக 1883-இல் ஒரு வருடத் தண்டனை பெற்றவர். அவர் 1898-இல் 'செக்யூலர் சொசைட்டி லிமிடெட்' என்று ஒரு கம்பெனியையே பதிவு செய்தார். உயில் சொத்தைச் சட்டப்படி வாங்குவதற்காகவே ஒரு கம்பெனி! இன்கார்ப்பரேஷன் சர்டிபிகேட் என்பதை ஐந்து மார்க் கேள்வியாக மட்டும் மனப்பாடம் செய்யும் பி.காம். மக்கள் இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கலாம். சார்லஸ் பௌமன் என்பவர் தன் சொத்தின் மிச்சத்தை அந்தக் கம்பெனிக்கு எழுதி வைத்துவிட்டு 1908-இல் இறந்தார். உறவினர்கள் வழக்குப் போட்டார்கள். கம்பெனியின் நோக்கமே சட்டவிரோதம் என்பது அவர்கள் வாதம். கடைசியில் 1917 மே மாதம் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது: கிறிஸ்தவத்தை மறுப்பது மட்டுமே சட்டவிரோதம் ஆகாது, பதிவான கம்பெனி ஒரு சட்ட நபர், அது சொத்தை வாங்கலாம். ஐந்து நீதிபதிகளில் லார்ட் சான்சலர் ஃபின்லே மட்டும் மாறுபட்டார். தீர்ப்பைப் பார்க்க ஃபூட் இல்லை, 1915-லேயே போய்விட்டார். அவர் போட்ட கம்பெனி இருந்தது.

இனி நம்ம ஊர். லண்டன் செக்யூலரிஸ்டுகளின் தாக்கத்தில் 1880-களிலேயே சென்னை இலௌகிக சங்கம் என்று ஒன்று இயங்கியது. 'தத்துவ விவேசினி' என்ற பத்திரிகையை 1882 முதல் நடத்தியது. 1888-இல் பத்திரிகை நின்றது. நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, பேராசிரியர் வீ. அரசு அந்தப் பழைய இதழ்களைத் தேடித் தொகுக்க வேண்டியிருந்தது. லண்டனில் 1866-இல் தொடங்கிய தேசிய செக்யூலர் சொசைட்டியோ இன்றும் இருக்கிறது.

இந்த விஷயத்தில் பக்தர்கள் எவ்வளவு கெட்டி என்பதற்குச் சோழர் காலக் கல்வெட்டுகளே சாட்சி. ஒரு நந்தா விளக்கு எரிய 90 ஆடு, 96 ஆடு என்று கொடுத்து, அதற்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயரும் வைத்தார்கள். ஆடு செத்தாலும் கிழடானாலும் மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது, வரும் நெய்யில் விளக்கு எரிய வேண்டும். முதலைத் தொடாமல் வருமானத்தில் செலவு செய்யும் கார்பஸ் ஃபண்ட், ஆயிரம் வருஷத்துக்கு முன்பே! பகுத்தறிவாளர் சங்கம் மட்டும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் துண்டு ஏந்தும்.

காசு சேர்ந்தால் கொள்கை போய்விடும், சண்டை வரும் என்பார்கள். வரும்தான். பெரியார் 1949-இல் மணியம்மையைத் திருமணம் செய்து கொண்டதற்குச் சொன்ன காரணமே இயக்கத்துக்கும் சொத்துக்கும் வாரிசு வேண்டும் என்பதுதான். அதை ஒட்டியே தி.மு.க. பிரிந்தது. பெரியாரின் எழுத்தை யார் அச்சிடலாம் என்று பின்னாளில் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். ஆனால் கஞ்சன் என்று கேலி செய்யப்பட்ட அந்த மனிதர் சேர்த்து வைத்ததால்தான் 1973-இல் அவர் மறைந்த பிறகும் அறக்கட்டளை நிற்கிறது, 1935-இல் தொடங்கிய 'விடுதலை' இன்றும் வருகிறது. காசே இல்லாத சங்கத்தில் சண்டை வராது, வாஸ்தவம். சண்டை போட ஆள் இருக்க மாட்டார்கள்.

பிள்ளைகளை நடுத்தெருவில் விட்டுவிட்டு எல்லாவற்றையும் சங்கத்துக்கு எழுதச் சொல்லவில்லை. சம்பாத்தியத்தில் பத்தில் ஒரு பங்கு போதும். வருஷா வருஷம் தணிக்கை செய்த கணக்கைக் கேளுங்கள், காட்டாத சங்கத்துக்கு எழுதாதீர்கள். பதிவு செய்த பெயரை எழுத்துப் பிசகாமல், பதிவு எண்ணோடு போடுங்கள். "நம்ம தோழர்கள்" என்று மொட்டையாக எழுதினால் வக்கீலுக்குத்தான் வருமானம். எக்ஸிகியூட்டராக ஒரு சின்னப் பையனையோ பெண்ணையோ போடுங்கள். கூடவே நாற்பது வருஷம் சந்தா கட்டிய தோழருக்கும் எழுபத்தைந்து வயசுதான்.