ஒத்திகைக்குப் பின் அரங்கேற்றம்



நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நாடகம் நடிக்கும் நண்பர்களை நீங்கள் அறிவீர்கள். விழாவுக்கு இரண்டு திங்கள் முன்பே, அலுவலகத்திலிருந்து வந்த உடையோடு, ஒப்பனையும் திரைச்சீலையும் இன்றி, மர நாற்காலியையே அரியணையாகக் கொண்டு ஒத்திகை பார்ப்பார்கள். எந்த உரையாடல் நீளுகிறது, எந்தக் காட்சியில் பார்ப்பவர் கொட்டாவி விடுகிறார் என்பதெல்லாம் அந்த வெற்றுக் கூடத்திலேயே விளங்கிவிடும். உடை தைத்து, அரங்கம் அமைத்து, அழைப்பிதழும் அச்சிட்ட பிறகு அவற்றை அறிந்து என்ன பயன்?

நாடகத்தில் நாம் தவறாது கடைப்பிடிக்கும் இந்த எளிய முறையை, குழந்தைகளுக்கான கைப்பேசிச் செயலியைச் செய்தபோது மறந்துவிட்டோம். அந்தப் பிழையையும் அதிலிருந்து கற்ற பாடத்தையும் இத்திங்கள் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

தில்லியில் பிறந்து வளரும் நம் குழந்தைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள்; பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழ் அவர்கள் செவியில் உண்டு, கண்ணில் இல்லை. ஞாயிறுதோறும் நடக்கும் வகுப்பு இக்குறையைத் தீர்க்கப் போதவில்லை. ஆதலின் எழுத்துப் பயிற்சிக்கு ஒரு செயலி செய்வோம் என்று நாங்கள் நால்வர் முனைந்தோம். எட்டுத் திங்கள் உழைத்தோம். ஓவியங்கள் வரைவித்தோம், இனிய குரலில் ஒலிப்பதிவு செய்தோம், அன்பர்கள் மனமுவந்து அளித்த நன்கொடையும் அதில் செலவாயிற்று. செயலி வீடுகளுக்குச் சென்றது. குழந்தைகள் இரண்டு நாள் விளையாடினார்கள். மூன்றாம் நாள் திறக்கவில்லை. ஏன் என்று வினவினால், “நன்றாக இருக்கிறது மாமா” என்று நாணத்தோடு கூறிவிட்டு ஓடிவிட்டார்கள்.

மனம் தளர்ந்திருந்த எங்களை மீண்டும் எழுப்பியவர் எங்களுள் இளையவரான பொறியாளர். “இம்முறை செயலியே வேண்டாம் ஐயா, முதலில் ஒரு வலைப்பக்கம் போதும். அது ஒத்திகையாக இருக்கட்டும்” என்றார் அவர்.

அவர் கூறியதன் பொருளைச் சற்று விளக்குகிறேன். கடைகளில் வெளியிடத் தக்க செயலியைச் செய்வது பெரும்பணி. ஆண்டிராய்டு, ஐபோன் என்னும் இருவகைக் கைப்பேசிகளுக்கும் அதனைப் பொருத்த வேண்டும். வெளியிடுமுன் கடையினரின் ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டும். பயன்படுத்துவோர் அதனைத் தம் கைப்பேசியில் நிறுவிக்கொள்ளவும் வேண்டும். வலைப்பக்கத்துக்கு இத்தகைய தடைகள் இல்லை. எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றும் சிறிது அறிந்தவர் இரண்டு மாலைப் பொழுதுகளில் ஒரு விளையாட்டை எழுதிவிடலாம். அதன் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எந்தக் கைப்பேசியின் உலாவியிலும் அது திறக்கும். காலையில் கண்ட குறையை மாலையில் திருத்தலாம். பக்கத்தை மறுபடி திறந்தவுடன் புதியது வந்து நிற்கும். அழகு இராது, எனினும் குழந்தையின் விரல் எங்கே தயங்குகிறது என்பதைக் காட்டிவிடும்.

முதல் ஞாயிறன்று ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் கையில் அந்தப் பக்கத்தைக் கொடுத்தோம். கைப்பேசி ஒரு சொல்லை ஒலிக்கும். அதன் நடுவெழுத்தை அவள் தொட வேண்டும். “மகன்” என்று குரல் ஒலித்தது. திரையில் ப, க, ட என மூன்று எழுத்துகள். சிறுமி நெடுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, “மகனில் வருகிற எழுத்து எங்கே மாமா? இங்கே கண்ணில் வருகிற எழுத்துதானே இருக்கிறது?” என்று கேட்டாள்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் கேட்டது முற்றிலும் நேரிய கேள்வி. இந்தியில் ககர வரிசையில் மெல்லினம் நீங்கலாக நான்கு எழுத்துகள் உள்ளன. வன்மையாக ஒலித்தால் ஓர் எழுத்து, மென்மையாக ஒலித்தால் வேறோர் எழுத்து. தமிழிலோ அவ்வளவுக்கும் ககரம் ஒன்றே. சொல்லின் முதலிலும், இரட்டித்த இடத்திலும் அது வன்மையாக ஒலிக்கும்: கண், பக்கம். மெல்லினத்தின் பின்னும், இரண்டு உயிரொலிகளுக்கு இடையிலும் மென்மையாக ஒலிக்கும்: சங்கம், மகன். தமிழ்நாட்டில் படித்து வளர்ந்த எங்கள் நால்வருக்கும் இது மூச்சு விடுவதுபோல் இயல்பானது. ஆதலின் சொல்லித்தர வேண்டிய பாடம் என்றே தோன்றவில்லை. இந்தி எழுத்தை முதலில் கற்ற குழந்தைக்கு அது பெரும்புதிர். பழைய செயலியிலும் இதே பிழை இருந்தது! எட்டுத் திங்களில் எங்களுக்கு விளங்காதது ஒரே ஞாயிற்றுக்கிழமையில் விளங்கிற்று. அன்று மாலையே அவ்விளையாட்டை நீக்கிவிட்டு, எழுத்தின் இடத்தை முதலில் உணர்த்தும் வேறொன்றை எழுதினார் பொறியாளர். இரண்டு மாலை உழைப்பைக் கைவிட அவருக்கு வருத்தம் இல்லை. எட்டுத் திங்கள் உழைப்பாயின் கைவிட மனம் வந்திருக்குமா?

மற்றொரு பிழையும் அவ்வாறே வெளிப்பட்டது. சொல்லின் எழுத்துகளைக் கட்டங்களில் நிரப்பும் விளையாட்டில், “தமிழ்” என்னும் சொல்லுக்கு மூன்று கட்டங்களுக்குப் பதிலாக ஐந்து தோன்றின. யூனிகோடு முறையில் கணினி தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்தாக எண்ணுகிறது. குழந்தைக்கோ த, மி, ழ் என எழுத்து மூன்றே. ஜாவாஸ்கிரிப்டில் உள்ள “இன்டில் செக்மென்டர்” என்னும் கருவி எழுத்துகளைக் கண்ணுக்குத் தோன்றுமாறு பிரித்துத் தருகிறது. அதனைக் கொண்டு திருத்தினோம். பொத்தான்களும் சிறியவையாக இருந்தன. தொடுமிடம் 48 அலகுக்குக் குறையலாகாது என்பது ஆண்டிராய்டின் பரிந்துரை. சிறுவர்க்கு அதனினும் பெரிதாக வைப்பதே நன்று எனக் கண்டோம்.

இம்முறை புதியதன்று. மென்பொருள் அறிஞர் பிரடெரிக் புரூக்ஸ், 1975-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், முதலில் செய்வது எறியப்படுவதற்கே என்று திட்டமிடுமாறு அறிவுறுத்தினார். 1995-ஆம் ஆண்டுப் பதிப்பில் தம் கருத்தைத் தாமே திருத்தி, சிறிது சிறிதாகச் செய்து, சோதித்து வளர்ப்பதே மேல் என்றார். யாக்கோப் நீல்சன் என்பார் 2000-ஆம் ஆண்டில், ஒரு முறைக்கு ஐவரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் புலப்படும் என்றும், ஒரே முறை பலரைக் கொண்டு பார்ப்பதினும் சிலரைக் கொண்டு பல முறை பார்ப்பது சிறந்தது என்றும் எழுதினார். நம் சங்கத்தில் ஐந்து குழந்தைகளுக்கா பஞ்சம்?

எனினும் ஒத்திகை அரங்கேற்றம் ஆகிவிடாது. குழந்தை ஒருமுறை திரையைத் தொடும் வரை பல உலாவிகள் ஒலியை எழுப்புவதில்லை. இணையம் இல்லாத இடத்தில் பக்கம் இயங்க வேண்டுமாயின் தனி ஏற்பாடு தேவை. பழைய கைப்பேசியில் முழுச் செயலி எத்துணை விரைவாக இயங்கும் என்பதையும் வலைப்பக்கத்தால் முழுதும் அறிய இயலாது. எல்லாவற்றினும் பெரிது ஒன்று உண்டு: குழந்தை விளையாட்டை விரும்பியது என்பதும், அதனால் எழுத்தைக் கற்றது என்பதும் ஒன்றல்ல. அடுத்த வாரம் அதே எழுத்தைத் தாளில் எழுதிக் காட்டினால் படிக்கிறதா என்று பார்த்தே துணிய வேண்டும்.

பெற்றோர்க்கு ஓர் உறுதி கூற வேண்டும். 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. எங்கள் பக்கமோ குழந்தையின் பெயரையும் கேட்பதில்லை. குரலையும் படத்தையும் பதிவு செய்வதில்லை. அருகில் அமர்ந்து தாளில் குறிப்பெடுப்பதே எங்கள் முறை.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறுகளில் உங்கள் பிள்ளைகளை அரைமணி முன்னதாக அழைத்து வாருங்கள். அவர்கள் விளையாடும்போது அருகில் அமருங்கள். ஆனால் விடையைச் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை திணறும்போது தாயின் வாய் தானாகத் திறக்கும் என்பதை அறிவோம். எனினும் அந்தத் திணறலே எங்களுக்குக் கிடைக்கும் செல்வம். அதனை மறைத்தால் பிழையும் மறைந்து நிற்கும்.

கோடை விடுமுறையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்குச் செல்வீர்கள். வண்டி தமிழ் நிலத்தில் நுழைந்ததும், நிலையப் பலகையில் உள்ள இந்தி எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் விட்டு, தமிழ் எழுத்தை உங்கள் குழந்தை கூட்டிப் படிக்குமாயின், அதுவே எங்கள் அரங்கேற்றம். அதுவரை ஒத்திகை நடக்கட்டும்.