தடுத்தவரை யார் நினைப்பார்?

உதைபந்தாட்டத்தில் கோல் போட்டவரின் பெயர் வரலாற்றில் நிற்கும். கோலைத் தடுத்தவரின் பெயர் மறுநாள் பத்திரிகையிலேயே இடம்பெறுவது அரிது. பின்கள வீரர்களின் விதி இது.

பிரெஞ்சு வீரர் லிலியன் துராமும் இதற்கு விலக்கல்லர். 1994 முதல் 2008 வரை தேசிய அணிக்காக 142 ஆட்டங்களில் ஆடினார். அவற்றில் அவர் போட்டவை இரண்டே கோல்கள். இரண்டும் 1998 உலகக் கிண்ண அரையிறுதியில் குரோஷியாவுக்கு எதிராகப் போட்டவை. பிரான்ஸ் 2–1 என வென்றது. கிண்ணமும் அதற்கே கிடைத்தது. இன்றும் பலர் பேசுவது அந்த இரண்டு கோல்களையே. எஞ்சிய 141 ஆட்டங்களின் காவற்பணியைப் பேசுவார் குறைவு.

துராம் 1972இல் கரீபியன் தீவான குவாதலூப்பில் பிறந்தவர். இத்தகைய வீரர்களைக் கொண்ட பிரெஞ்சு அணியை, அந்நியரைச் சேர்த்து அமைத்த செயற்கை அணி என்று 1996இல் தீவிர வலதுசாரித் தலைவர் லு பென் இகழ்ந்தார். ஈராண்டுகளின் பின் அத்தகைய அணியே கிண்ணத்தை ஏந்தியபோது நாடே கொண்டாடியது. ஆயினும் வெற்றி நாளில் கிடைக்கும் அணைப்பு மற்றைய நாட்களில் கிடைப்பதில்லை என்பதைத் துராம் அறிந்திருந்தார். 2006இல், பாரிசை அடுத்த கஷானில் குடியிருந்த கட்டடத்திலிருந்து வெளியேற்றப்பட்டோரை, சக வீரர் வியேராவுடன் சேர்ந்து, இத்தாலியுடனான ஆட்டத்தைக் காண அழைத்தார். ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற 2008இலேயே, இனவாதத்துக்கு எதிரான கல்விக்காக ஓர் அமைப்பை நிறுவினார்.

இதுவும் காவற்பணிதான். தடுக்கப்பட்ட தீமை எந்தக் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை. அதனால் தடுப்பவர் தேவையில்லை என்று எண்ணும் சமூகம், அதன் விலையைப் பின்னர் கொடுத்தே தீரும்.