தொடர்நிலைக் கதையும் தொலைக்காட்சியும்

கதை கேட்கும் விருப்பம் மக்கட்கு இயற்கையாய் அமைந்ததொன்று. குழவிப் பருவத்திற் பாட்டியின் மடியிற் கிடந்து கேட்டோம். பள்ளிப் பருவத்தில் ஏட்டிற் படித்தோம். இன்றோ உள்ளங்கையளவினதாகிய கைபேசித் திரையிற் காண்கின்றோம். கருவி வேறுபட்டதேயன்றி விருப்பம் வேறுபட்டிலது. ஆயினும், கதையென்னும் பெயர் பூண்டனவெல்லாம் ஒரே தன்மையனவல்ல. கேட்டு முடிந்தவுடன் நிகழ்ந்தவை யாவும் துடைக்கப்பட்டு, மறுநாள் அனைத்தும் புதிதாய்த் தொடங்குங் கதை ஒருவகை. இன்று விதைத்தது நாளை முளைத்து, ஆண்டுகள் சில கழிந்தபின் காய்த்து, விதைத்தவன் கையிலேயே வந்து விழுங் கதை மற்றொருவகை. இவ்விரண்டனுள் பின்னையதே சிறப்புடைத்தென்பதும், அதனை இயற்றுவோர்க்கும் வெளியிடுவோர்க்கும் காண்போர்க்கும் உரிய கடமைகள் சில உளவென்பதும் எம் கருத்து. அறிவியற் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர்களைக் கொண்டு அதனை ஈண்டு நிறுவப் புகுகின்றாம்.

தமிழ் பயில்வார்க்கு இப்பாகுபாடு புதியதன்று. தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காகப் பகுத்துரைக்கும். தனித்து நின்று பொருள் முடிவன பலவற்றை ஓரிடத்தே திரட்டி வைத்தது தொகைநிலை. குறுந்தொகையின் இடைப்பாட்டொன்றை முதற்கண் படித்து, முதற்பாட்டை இறுதிக்கண் படிப்பினும் குற்றமில்லை. பொருளால் ஒன்றையொன்று பற்றிச் செல்வது தொடர்நிலை. சிலப்பதிகாரத்தில் மதுரைக் காண்டத்தை முதலிற் படித்துப் புகார்க் காண்டத்தைப் பின்னர்ப் படிப்பவன், கண்ணகியின் சினத்தைக் காண்பானேயன்றி அச்சினத்தின் ஆழத்தைக் காணான். தொலைக்காட்சித் தொடர்களையும் இவ்விரு பெயரால் வகுத்துக் காண்டல் இழுக்கன்று.

அமெரிக்காவில் என்.பி.சி. நிறுவனத்தார் 1966 முதல் 1969 வரை 79 பகுதிகளாக ஒளிபரப்பிய ஸ்டார் டிரெக் என்னுந் தொடர் தொகைநிலைக்குத் தக்க எடுத்துக்காட்டாம். விண்கலம் வாரந்தோறும் புதியதோர் இடத்தை அடையும்; ஓர் இடுக்கண் நேரும்; ஒரு மணி நேரத்துள் அது நீங்கும்; முந்திய வாரத்துத் துயரைக் கலத்திலுள்ளார் அடுத்த வாரம் நினைப்பது அரிது. இதற்குக் காரணம் எழுதுவோர் திறமைக் குறைவன்று. வாணிகமே பெரிதுங் காரணம். ஒருமுறை ஒளிபரப்பிய பகுதிகளைப் பின்னர் ஊர்தோறுமுள்ள நிலையங்கள் விலைக்குப் பெற்று, தமக்கு வேண்டியவாறு மாற்றி மாற்றிக் காட்டுதல் அந்நாட்டு வழக்காயிருந்தது. வரிசை பிறழினும் கெடாத கதையே அவ்வாணிகத்திற்கு ஏற்றது. அத்தகைய தொடர்களிலும் நன்மணிகள் பல உள. அவற்றை இகழ்தல் எம் நோக்கமன்று. ஆயின் மணிக்குவியல் மாலையாகாது.

மாலை தொடுக்க முயன்றோர் சிலர். இங்கிலாந்தில் 1978 முதல் 1981 வரை பி.பி.சி. ஒளிபரப்பிய பிளேக்ஸ் 7 அத்தகைய முயற்சிகளுள் ஒன்று. எனினும், முடிவை முதலிலேயே வகுத்துக்கொண்டு, ஐந்தாண்டுக்கு ஒரே கதையெனத் திட்டமிட்டு நடத்தப்பெற்ற பெருமை பாபிலோன் 5 என்னுந் தொடர்க்கே உரியது. அதன் ஆசிரியர் ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி. முன்னோட்டப் படம் 1993-இல் வெளிவந்தது. தொடர் 1994 முதல் 1998 வரை 110 பகுதிகளாய் நடைபெற்றது. அவற்றுள் 92 பகுதிகளை அவரே எழுதினார். மூன்றாம் நான்காம் பருவங்கள் முழுவதும் அவர் ஒருவர் எழுதியனவே. பலர் கூடியிருந்து எழுதும் வழக்கமுடைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் இஃது அருஞ்செயல். கதைக்குக் களம் ஐந்து மைல் நீளமுள்ளதொரு விண்வெளி நிலையம். பெரும்போரொன்று ஓய்ந்தபின், பல இனத்துத் தூதரும் ஒருங்கிருந்து பேசிப் பகை தீர்த்தற்பொருட்டு அமைக்கப்பட்டது அது. கதை நிகழுங் காலம் 2258 முதல் 2262 வரை, பருவமொன்றுக்கு ஆண்டொன்று.

அத்தொடரில் வரும் தூதர் இருவர் கதையை மட்டும் ஈண்டுக் கூறுவாம். லோண்டோ மொலாரி என்பான், பழம்பெருமை பேசித் தேய்ந்துவரும் சென்டாரிப் பேரரசின் தூதன். ஜிகார் என்பான், முன்னாளில் அப்பேரரசிற்கு அடிமைப்பட்டுப் பின்னர் விடுதலை பெற்ற நார்ன் இனத்தின் தூதன். முதற் பருவத்தின் முதற் பகுதியிலேயே லோண்டோ தான் கண்ட கனவொன்றைக் கூறுகின்றான். முதுமையில், தன் கைகள் ஜிகாரின் கழுத்தையும் அவன் கைகள் தன் கழுத்தையும் பற்றியிருக்க, இருவரும் மடிவர் என்பது அக்கனவு. கேட்போர் யாவரும் அதனைப் பகையின் முடிவென்றே கொள்வர். கொள்ளத்தக்க காரணமும் உண்டு.

1995-இல் வந்த ஒரு பகுதியில், தன் முன்னோர் நார்ன் மக்கட்கு இழைத்த தீங்கிற்கு மன்னிப்புக் கேட்பான் வேண்டிச் சென்டாரிப் பேரரசன் நிலையத்திற்கு வருகின்றான். அச்சொல்லைச் சொல்லுமுன் நோயுற்று வீழ்கின்றான். அரசன் கருத்தைப் பிறர் வாயிலாய் அறிந்த ஜிகார், உவகை மேலிட்டவனாய், பகைவனாகிய லோண்டோவுக்குத் தானே மது வாங்கிக் கொடுத்து வாழ்த்துகின்றான். ஆனால், நிழலர் எனப்படும் கொடியோர் துணையால் நார்ன் குடியேற்றமொன்றை அழித்தற்கு லோண்டோ முன்னரே ஏற்பாடு செய்துவிட்டான். போர் மூள்கின்றது. அவ்வாண்டிலேயே பின்வந்த பகுதியொன்றில் நார்ன் மக்களின் தாயுலகம் அழிவுறுவதை அவன் கப்பற் பலகணி வழியே வாய்பேசாது பார்த்து நிற்கின்றான். தான் விரும்பியது கைகூடியவிடத்து அவன் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

அக்கனவின் உண்மை 1996-இற் காட்டப்படுகின்றது. வருங்காலத்தில் லோண்டோ பேரரசன். ஆயினும் அவன் தோளிற் பதிந்துள்ள ஓர் உயிரி அவனை ஆட்டிவைக்கின்றது. அது மதுமயக்கில் உறங்கும் சிறுபொழுதில் அவன் சிறைப்பட்டோர் இருவரை விடுவிக்கின்றான். அது விழித்தெழுந்து அச்செயலைத் தடுக்குமுன் தன்னைக் கொன்றுவிடுமாறு ஜிகாரை வேண்டுகின்றான். பகைவன் கையென்று நாம் எண்ணியிருந்த கை நண்பன் கையாயிற்று! கனவின் ஓரெழுத்தும் மாறிற்றிலது. பொருள் மட்டுமே தலைகீழாயிற்று. பகைவர் நண்பரான வரலாற்றைப் பின்வந்த பருவங்கள் ஒவ்வோரடியாய் விளக்குகின்றன. கொடுங்கோலனாகிய மற்றொரு பேரரசனை வீழ்த்த இருவரும் கைகோக்கின்றனர். நார்ன் விடுதலை பெறுகின்றது. 1998-இல், தன் மக்கள் மன்னியாராயினும் தன்னளவில் மன்னித்தேன் என்று ஜிகார் கூறி விடைபெறுகின்றான்.

இதனை ஒரு மணி நேரத்துக் கதையொன்றிற் கூறல் இயலுமோ? இயலாது என்பதே எம் துணிபு. மன்னிப்பு என்னுஞ் சொல் எவரும் எளிதிற் சொல்லத்தக்கது. அதன் விலையை அறிதற்கோ குற்றம் நினைவில் நிற்றல் வேண்டும். அழிந்த நகரை நாமும் பார்த்திருத்தல் வேண்டும். ஆண்டுகள் பல நாமும் அச்சினத்தைச் சுமந்திருத்தல் வேண்டும். வாரந்தோறும் யாவற்றையும் மறந்துவிடுங் கதையில் தண்டனையும் இல்லை, மன்னிப்பும் இல்லை. நினைவில்லாதவிடத்து இரண்டிற்கும் இடமில்லை. தொடர்நிலைக் கதையின் முதற்பயன் இந்நினைவே. நம் செயல்கள் நம்மை விட்டுப் போவனவல்ல என்பதனை அது சொல்லாமற் சொல்லுகின்றது.

இனி, இதற்கு மாறாய்க் கூறப்படுவனவற்றை நோக்குவாம். மனிதர் வாழ்வு நிலையற்றதாகலின் ஐந்தாண்டுத் திட்டம் ஆகாதென்பர் சிலர். பாபிலோன் 5 தொடரிலேயே அவ்விடையூறு நேர்ந்தது. தலைவனாகிய சின்க்ளேராக நடித்த மைக்கேல் ஓ'ஹேர் முதற் பருவத்தோடு விலகினார். அவர்க்கு நேர்ந்த மனநோயே காரணமென்பதனை, 2012-இல் அவர் மறைந்தபின், 2013-இல் ஆசிரியர் வெளியிட்டார்; அதுவரை அம்மறையைக் காத்தார். தலைவன் போயினும் கதை நின்றதில்லை. புரூஸ் பாக்ஸ்லைட்னர் வேறொரு தலைவனாய் வந்தார். சின்க்ளேரின் கதையோ மூன்றாம் பருவத்தில் அந்நடிகரையே மீண்டும் அழைத்து முறைப்படி முடிக்கப்பெற்றது. போகுமிடம் அறிந்தவன், வழி அடைபட்டால் வேறு வழி காண்பான். போகுமிடமே அறியாதவனுக்கு எவ்வழியாற் பயன்?

உண்மையான இடையூறு வேறிடத்தினின்று வருகின்றது. கதையை இடையில் அறுக்கும் அதிகாரம் பொருள் தருவோர் கையில் உள்ளது. ஐந்தாம் பருவம் கிடையாதென்று அஞ்சிய ஸ்ட்ராசின்ஸ்கி நான்காம் பருவத்தில் நிகழ்ச்சிகளை நெருக்கி வைத்தார். இறுதிப் பகுதியையும் அப்போதே படமாக்கினார். பின்னர் வேறொரு நிறுவனத்தார் ஐந்தாம் பருவத்திற்கு இசையவே, அவ்விறுதிப் பகுதி ஓராண்டு காத்திருந்தது. அப்பருவத்தின் முற்பகுதியும் தளர்ந்து போயிற்று. ஃபயர்ஃபிளை என்னுந் தொடரின் கதி இன்னும் இரங்கத்தக்கது. 14 பகுதிகள் எடுக்கப்பட்டும் 2002-இல் 11 பகுதிகளே ஒளிபரப்பாயின; முதலில் வரவேண்டியது இறுதியிற் காட்டப்பட்டது. தொடர்நிலையைத் தொகைநிலையெனக் கருதிய பிழையன்றோ இது! 2022 நவம்பரில் வந்த 1899 என்னுந் தொடர், மூன்று பருவங்கட்கு எண்ணப்பட்டதாயினும், 2023 ஜனவரியில் ஒரே பருவத்தோடு நிறுத்தப்பட்டது. அதனை ஆக்கியோரே முன்னர் ஆக்கிய டார்க் என்னும் ஜெர்மானியத் தொடர், 2017 முதல் 2020 வரை மூன்று பருவங்கள் 26 பகுதிகளிற் செவ்வனே முடிவுற்றது. ஆக்கியோர் திறம் ஒன்றே. ஒன்றற்கு முடிவு வாய்த்தது, மற்றொன்றற்கு வாய்த்திலது. தி எக்ஸ்பேன்ஸ் என்னுந் தொடர் 2018-இல் மூன்று பருவங்களோடு கைவிடப்பட்டபோது, காண்போர் திரண்டு முறையிட்டனர். வேறொரு நிறுவனம் ஏற்று நடத்த, மேலும் மூன்று பருவங்கள் வெளிவந்தன.

தொடங்கப்பட்ட கதை ஒரு வாக்குறுதி. கதவொன்றைக் காட்டி, இதன் பின்னுள்ளதைப் பின்னர்க் காட்டுவேன் என்று சொல்லி, நம்மைப் பல நாள் காத்திருக்கச் செய்தவர், திறவுகோலுடன் மறைந்துவிடுதல் அறமன்று. இலாபம் குறைந்தவழி நிறுத்துதற்கு அவர்க்கு உரிமையுண்டு. ஆயினும் இரண்டொரு பகுதிகளேனும் தந்து கதையை முடிக்கச் செய்தல் மிகையான செலவாகாது. லாஸ்ட் என்னுந் தொடரை நடத்தியோர், அது 2010-இல் முடியுமென்பதனை 2007-இலேயே அறிவித்து, எஞ்சியவற்றை அவ்வெல்லைக்குள் அமைத்தனர். அவ்வழக்கம் பரவுதல் நன்று.

இத்தகைய தொடர்கள் மாணவர் பொழுதைக் கொள்ளைகொள்கின்றன என்பாரும் உளர். அவர் கூற்றில் உண்மையுண்டு. விடுதிகளில் விளக்கணைந்த பின்னரும் போர்வைக்குள் ஒளிரும் திரைகளே அதற்குச் சான்று. எனினும் அக்குற்றம் கதையின்பாற்பட்டதன்று, விழுங்கும் முறையின்பாற்பட்டது. பாபிலோன் 5 முதலில் வாரத்திற்கு ஒன்றாக வந்தது. லோண்டோ செய்தது சரியோ தவறோவென்று நண்பரோடு வழக்கிட இடையில் ஆறு நாட்கள் இருந்தன. பத்துப் பகுதிகளை ஓரிரவிற் காண்போன், விதைத்தலையும் அறுத்தலையும் ஒருங்கே கண்டு, இடையிலுள்ள மழையையும் வெயிலையும் இழக்கின்றான். காப்பியத்தை ஓரிரவிற் படித்து முடித்தேன் என்பான் ஒருவனை நம் ஆசிரியர் வியப்பரோ? அவ்விரவில் அவன் எதனைச் சிந்தித்தான் என்றன்றோ வினவுவர்!

ஆகலின், முடிவை அறிந்த பின்னரே ஆக்குவோர் தொடங்குக. தொடங்கியதை முடிக்க வெளியிடுவோர் இடந்தருக. முறை பிறழாது, இடைவிட்டு, எண்ணி எண்ணி நாம் காண்போமாக. தோழர்களே, வாரத்திற்கொரு பகுதி போதும். ஆறு நாட் பாடம்; ஒரு மாலை கதை; அதன்பின் விடுதி முற்றத்தில் ஒரு நல்ல வழக்கு. இம்மூன்றும் ஒன்றற்கொன்று பகையல்ல.