பூட்டிய கதவும் பரவிய நோயும்

சிக்கனமாம், சிக்கனம்! எவன் சோற்றில் கை வைக்கும் சிக்கனம் இது? அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள், தோழர்களே!

இண்டியானா மாகாணத்தில் ஸ்காட் என்று ஓர் ஏழை ஜில்லா. ஜனத்தொகை சுமார் 24,000. அங்கே ஸ்காட்ஸ்பர்க் ஊரில் 'பிளாண்டு பேரன்ட்ஹுட்' ஸ்தாபனத்தின் சிறு குடும்பக் கட்டுப்பாட்டு நிலையம் இருந்தது. கர்ப்பத்தடைக்கு வழி சொன்னார்கள்; மேக நோய்களுக்குச் சோதனை செய்தார்கள். எச்.ஐ.வி. கிருமியைச் சோதிக்க ஜில்லாவிலேயே இருந்த இடம் அது ஒன்றுதான். பணவெட்டினால் 2013-ல் அதற்குப் பூட்டு விழுந்தது.

கருக்கலைப்பு செய்யும் ஸ்தாபனத்துக்குச் சர்க்கார் பணமா என்று கனவான்கள் கொதித்தார்கள். ஸ்காட்ஸ்பர்க்கிலோ கருக்கலைப்பே நடக்கவில்லை!

பிறகு என்ன? வலி மாத்திரையைக் கரைத்து, ஒரே ஊசியால் பலர் ஏற்றிக்கொண்ட ஊரில் கிருமி புகுந்தது. நிலையம் மூடியதால் கிருமி பிறக்கவில்லை. ஆனால் வந்த கிருமியைக் கண்டுபிடிக்க இடமில்லை. 2015 முடிவதற்குள் 180 பேருக்கு மேல் பீடிக்கப்பட்டார்கள். ஊசியால் வந்த கிருமி ஊசியோடு நிற்குமா? உடலுறவால் பரவும், தாயிடமிருந்து சிசுவையும் தொற்றும்.

2015 மார்ச்சில் அவசர நிலை பிரகடனம் செய்தவர் கவர்னர் மைக் பென்ஸ். அந்த ஸ்தாபனத்தின் பணத்தை நிறுத்த 2007-லேயே அமெரிக்கக் காங்கிரஸ் சபையில் முயன்றவரும் இவரேதான்!

டெக்சாசைப் பாருங்கள். 2011-ல் குடும்பக் கட்டுப்பாட்டு நிதியை 11 கோடியே 10 லட்சம் டாலரிலிருந்து 3 கோடியே 80 லட்சமாக வெட்டினார்கள். 82 நிலையங்கள் மூடின, அல்லது இந்த வேலையை நிறுத்தின. 2013-ல் அதே ஸ்தாபனத்தை மாகாணத் திட்டத்திலிருந்தும் விரட்டினார்கள். அது இருந்த ஜில்லாக்களில், கர்ப்பத்தடை ஊசி போட்டுவந்த ஏழைப் பெண்களிடையே, சர்க்கார் செலவில் நடந்த பிரசவங்கள் 27 சதவீதம் கூடின. இதுதான் மிச்சம் பிடித்த லட்சணம்!

சீமாட்டிக்குச் சொந்த டாக்டர் உண்டு. கூலிக்காரியோ ஒரு நாள் கூலியை இழந்து, வண்டிச் சத்தம் கொடுத்து, அடுத்த ஊருக்குப் போக வேண்டும். அதனால் சோதனை தள்ளிப் போகிறது. நோய் தள்ளிப் போவதில்லை.

ஆலைத் தோழர்களே! வயல் தோழர்களே! சிக்கனம் என்று எவன் ஏழையின் ஆஸ்பத்திரிக் கதவில் கை வைத்தாலும் கேளுங்கள்: மிச்சம் யாருக்கு? நோய் யாருக்கு?