யார் பின்னால் போகிறான் நம் பையன்?

மீரா நாயர் எடுத்த ‘சலாம் பாம்பே’ 1988-ல் வந்தது. கான் படவிழாவில் பரிசு வாங்கிய இந்திப் படம். “சேரிக் கதைதானே, நமக்குத் தெரியாததா?” என்று நம்மில் பலர் பார்க்காமல் விட்டோம். பிள்ளை பெற்றவர்கள் இனியாவது பார்க்க வேண்டும்.

அண்ணனின் வண்டியைக் கொளுத்திவிட்டான் கிருஷ்ணா. 500 ரூபாயோடு வந்தால்தான் வீடு என்று சொல்லித் தாய் அவனைச் சர்க்கஸில் விட்டுப் போகிறாள். சர்க்கஸும் அவனை விட்டுவிட்டுக் கிளம்பிவிட, பையன் பம்பாய்க்கு ரயிலேறுகிறான். இங்கே டீ சுமக்கிறான். சொந்தப் பெயரும் போய் ‘சாய்பாவ்’ ஆகிறான்.

அவன் ஏங்குவது அம்மாவுக்காக. பின்னால் போவதோ ஆண்களின் பின்னால். முதலில் சில்லம். தெருவில் பிழைக்கக் கற்றுக்கொடுப்பவன் அவன்தான். போதைக்காகப் பையன் சேர்த்த காசைத் திருடுபவனும் அவன்தான். அவனுக்கு மேலே பாபா, நானா படேகர் நடித்த பாத்திரம். போதைச் சரக்கும் பெண்களும் அவன் வியாபாரம். அடித்து மட்டும் ஆள்கிறவன் அல்ல அவன். விலைக்கு வந்த சின்னப் பெண்ணை இதமாகப் பேசியே மசிய வைக்கிறான். அங்கேதான் நமக்கு வயிறு கலங்கியது. முரடனைப் பார்த்தால் பிள்ளை ஓடிவிடும். அன்பாகப் பேசுகிறவனிடமிருந்து எப்படி ஓடும்?

அந்தப் பாபாவும் ஒரு மகளுக்குத் தகப்பன். அவளைச் சர்க்கார் விடுதிக்குக் கொண்டுபோனபோது அவன் அசையவில்லை, தாய்தான் துடித்தாள். கடைசியில் கிருஷ்ணா பாபாவைக் கத்தியால் குத்துகிறான். கைதட்டத் தோன்றும். நாம் தட்ட மாட்டோம். பாபாவிடம் கற்றதைப் பாபாவிடமே காட்டினான், அவ்வளவுதான். பிள்ளையார் ஊர்வல நெரிசலில் கூட வந்தவளையும் தவறவிட்டுத் தனியே உட்கார்ந்து பம்பரம் விடுகிறான். கொலை செய்த பிறகும் பச்சைப் பிள்ளைதான்.

நம் வீட்டுக்கு வருவோம். இரண்டு ஷிப்ட் முடித்துத் திரும்பும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவன் கேட்பது நம் அதட்டலை மட்டுமே. தெருமுனை ‘அண்ணனோ’ சாப்பிட்டாயா என்று விசாரிக்கிறான், தோளில் கை போடுகிறான். நாம் அக்கறையில்லாத தகப்பன்கள் அல்ல. எட்டு மணி நேரக் கூலியில் வாடகையும் அரிசியும் கட்டுப்படியாவதில்லை. கூலிப் போராட்டம் வீட்டுக்குள்ளும் இருக்கிறது என்று நாம் சொல்வது இதனால்தான்.

ஆனால் அதுவரை பையன் காத்திருக்க மாட்டான். நம் சங்க வாசகசாலையை மாலை ஏழு மணிக்கே பூட்டிவிடுகிறோம், பையன்கள் தெருவுக்கு வரும் அதே நேரத்தில். பத்து மணிவரை திறந்து வைக்கலாம். கேரம் பலகை இருக்கிறது. முறை போட்டு, இரவு ஷிப்ட் இல்லாதவர்கள் ஆளுக்கொரு நாள் உட்கார வேண்டும். வருகிற கூட்டத்தில் பெயர் கொடுங்கள்.